ஒவ்வொரு நரம்பிடமும் இரண்டு கேள்விகள்

நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். அதில் சரிபாதி, அதாவது 90 கேள்விகள், உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே இந்தக் கணக்கு மாணவர்களுக்கு அத்துப்படி ஆகிவிடுகிறது. அப்புறம் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் கேட்பது, “இதிலிருந்து எத்தனை கேள்வி வரும்?” என்பதுதான்.

இந்தக் கணக்கில் அதிகம் அடிபடுவது புற நரம்பு மண்டலம். என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு உயிரியல் நூலில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. மாணவர் அந்தச் சில வரிகளுக்கு மஞ்சள் ஹைலைட்டர் பூசிவிட்டு மூளையின் படத்துக்குத் தாவிவிடுகிறார். கோச்சிங் வகுப்புகள் பலவற்றிலும் அதே வேகம்தான். கபால நரம்பு 12 ஜோடி, தண்டுவட நரம்பு 31 ஜோடி, எழுதிக்கொள், அடுத்த தலைப்பு.

இந்த அவசரம் அந்தப் பாடத்துக்கு நியாயம் செய்யவில்லை. படிப்பவரின் கண், முகம், முழங்கை, கால்விரல் எல்லாவற்றிலும் இப்போதே ஓடிக்கொண்டிருக்கும் பாடம் அது. அதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் சோதனை செய்து, சண்டை போட்டு, நிரூபித்திருக்கிறார். அந்த வரிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்களுக்கு ‘கூற்று, காரணம்’ வகைக் கேள்வி வந்தால் கை நடுங்குகிறது. வழியாகப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்த நடுக்கம் இல்லை. புரிந்துகொள்ள இரண்டே கேள்விகள் போதும்.

எந்தத் திசை? எங்கே போய்ச் சேருகிறது?

மூளை, தண்டுவடம் இரண்டையும் விட்டுவிட்டால் உடம்பில் மிச்சமிருக்கும் நரம்புகள் எல்லாம் புற நரம்பு மண்டலம். அதிலுள்ள இழைகள் இரண்டு வகை. தோல், தசை, குடல் முதலிய இடங்களிலிருந்து செய்தியை மையத்துக்குக் கொண்டுபோவது உணர்ச்சி இழை. பாடநூல் அதை அஃபரன்ட் என்கிறது. மையத்திலிருந்து கட்டளையை வெளியே கொண்டுவருவது இயக்கு இழை, அதாவது எஃபரன்ட். முதல் கேள்விக்கு விடை இதுதான்: உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா?

வெளியே வரும் கட்டளை எங்கே போய்ச் சேருகிறது என்பது இரண்டாவது கேள்வி. எலும்புத் தசைக்குப் போனால் அது சொமாட்டிக் எனப்படும் உடல்சார் பிரிவு. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் இயங்கும் இதயம், குடல், ரத்தக்குழாய், சுரப்பிகளுக்குப் போனால் அது தானியங்கு பிரிவு. தானியங்கு பிரிவு மறுபடியும் பரிவு, எதிர்ப்பரிவு என்று இரண்டாகிறது. என்சிஇஆர்டி இதோடு உள்ளுறுப்பு நரம்பு மண்டலம் என்று ஒன்றையும் தனியாகச் சொல்கிறது. அதில் மையத்திலிருந்து உள்ளுறுப்புக்குப் போகும் செய்தியும் உண்டு, உள்ளுறுப்பிலிருந்து மையத்துக்கு வரும் செய்தியும் உண்டு. ஒரு திசையை மட்டும் சொல்லி ‘சரியா, தவறா’ என்று கேட்கும் வாக்கியத்தில் ஏமாறுகிறவர்கள், இரண்டாவது பாதியைப் படிக்காமல் விட்டவர்கள்தான்.

திசை என்பது இன்று ஒரு வரியில் அடங்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவே பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் சார்லஸ் பெல், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் முன்வேரும் பின்வேரும் வேறு வேறு வேலை செய்கின்றன என்ற கருத்தை 1811இல் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். பிரான்சில் ஃபிரான்சுவா மஜந்தி 1822இல் நாய்க்குட்டிகளில் அந்த வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பார்த்தார். பின்வேரை வெட்டினால் உணர்வு போனது, முன்வேரை வெட்டினால் அசைவு போனது. யார் முதலில் கண்டது என்று இரு நாட்டாரும் வெகுகாலம் வாதாடினார்கள். கடைசியில் பெல்–மஜந்தி விதி என்று இருவர் பெயரும் சேர்ந்தே நிலைத்தது. ஜெர்மனியின் யோஹானஸ் முல்லர் 1831இல் தவளைகளில் அதே சோதனையைச் செய்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதிப்படுத்தினார்.

இரண்டு வேர்களும் தண்டுவடத்தைத் தாண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நரம்பாகின்றன. அதனால்தான் 31 ஜோடித் தண்டுவட நரம்புகளும் கலப்பு நரம்புகள். அப் லைனும் டவுன் லைனும் ஒரே தடத்தில் பக்கம் பக்கமாக ஓடுவது மாதிரி, ஒரே நரம்புக்குள் உள்ளே போகும் இழையும் வெளியே வரும் இழையும் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்றின் செய்தி இன்னொன்றில் கலப்பதில்லை.

எண்களை ஏன் என்று கேட்டுப் படிப்பது

31 என்ற எண் கழுத்துப் பகுதியில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1 என்று பிரிகிறது. கழுத்தெலும்புகள் 7தான், அங்கே நரம்பு மட்டும் எப்படி 8 ஆனது? முதல் கழுத்து நரம்பு, முதல் முள்ளெலும்புக்கு மேலே, மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளியேறுகிறது. அப்படியே ஏழும் தத்தம் எலும்புக்கு மேலாக வெளியேறிவிட, ஏழாவது கழுத்தெலும்புக்கும் முதல் மார்பெலும்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. அதில் வருவதுதான் எட்டாவது. அங்கிருந்து கீழே எல்லா நரம்புகளும் தத்தம் எலும்புக்குக் கீழாகவே வெளியேறுகின்றன. காரணம் தெரிந்துவிட்டால் 8ஆ 7ஆ என்ற குழப்பம் தேர்வறையில் எழாது.

கபால நரம்புகள் 12 ஜோடி என்பதும் ஒரே நாளில் முடிவானதல்ல. ரோமாபுரிக் காலத்து மருத்துவர் கேலன் ஏழு ஜோடி என்று வகுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அந்த வகுப்பை ஒட்டியே நடந்தது. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1664இல் மூளையின் உடற்கூறு பற்றி எழுதிய நூலில் பட்டியலைத் திருத்தினார். இன்று நாம் எண்ணும் பன்னிரண்டு, 1778இல் சாமுவேல் தாமஸ் ஸோமரிங் தன் ஆய்வேட்டில் வகுத்தது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மருத்துவ மாணவர்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதே என்சிஇஆர்டி நூலில் தவளையின் உடலமைப்பு வரும் இடத்தில், தவளைக்குக் கபால நரம்புகள் பத்து ஜோடி என்று எழுதியிருக்கிறது. மனிதனுக்கு 12, தவளைக்கு 10. கேள்வியில் எந்த உயிரினம் என்று படிக்காமல் விடை குறிப்பவருக்கு நான்கு போய், கூடவே ஒன்றும் கழிந்துவிடும்.

தோழியின் முகத்தில் பன்னிரண்டு நரம்புகள்

கபால நரம்புகளை வரிசையாக மனப்பாடம் செய்ய ஆங்கிலச் சொற்றொடர்கள் ஏராளம் புழங்குகின்றன. அவை பெயரை நினைவூட்டும், வேலையைச் சொல்லாது. நரம்பியல் ஓபியில் மருத்துவர்கள் இந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடமோ நண்பரிடமோ செய்துபார்த்தால் மொத்தம் பத்து நிமிடம் ஆகும். கொஞ்சம் காபித் தூள், சின்ன டார்ச், பஞ்சு போதும்.

கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மறு நாசியருகே காபித் தூளைக் காட்டினால் வேலை செய்வது முதல் நரம்பு, நுகர்ச்சி. சுவரில் இருக்கும் நாள்காட்டியை ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னால் இரண்டாவது, பார்வை நரம்பு. பேனாவை முகத்துக்கு முன் நிறுத்தி, தலையை அசைக்காமல் அதைத் தொடரச் சொன்னால் மூன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றும் சேர்ந்து கண்ணை உருட்டுகின்றன. கண் காதின் பக்கமாக, வெளியே திரும்புவது ஆறாவதின் வேலை. மூக்கை நோக்கித் திரும்பிய கண் கீழே பார்ப்பது நான்காவதின் வேலை. நான்காவது பழுதானவர்களுக்குப் படிக்கட்டில் இறங்கும்போது படிகள் இரண்டிரண்டாகத் தெரியும். மிச்சமுள்ள அசைவுகளில் பெரும்பாலானவையும், மேல் இமையைத் தூக்குவதும் மூன்றாவதின் பொறுப்பு.

டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணில் ஒரு நொடி மட்டும் காட்டிப் பாருங்கள். கருமணியின் நடுவட்டம் சட்டென்று சுருங்கும். மறு கண்ணிலும் அதே நேரத்தில் சுருங்கும். வெளிச்சம் பட்டது ஒரு கண்ணில்தானே? இங்கேதான் நம் இரண்டு கேள்விகளும் பலன் தருகின்றன. செய்தி உள்ளே போன வழி இரண்டாவது நரம்பு. மூளைத்தண்டு அந்தச் செய்தியை இரு பக்கத்துக்கும் பகிர்கிறது. கட்டளை வெளியே வந்த வழி மூன்றாவது நரம்பு, அதிலுள்ள எதிர்ப்பரிவு இழைகள். ஒரு கண்ணில் வெளிச்சம் காட்டியும் இரண்டு கண்ணும் சுருங்கவில்லை, ஆனால் மறு கண்ணில் காட்டினால் இரண்டும் சுருங்குகின்றன என்றால், முதல் கண்ணிலிருந்து உள்ளே போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். விபத்தில் அடிபட்டு வருபவரின் கண்ணில் மருத்துவர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகவும்தான்.

பஞ்சால் நெற்றி, கன்னம், தாடை மூன்றையும் தொட்டால் உணர்வது ஐந்தாவது நரம்பின் மூன்று கிளைகள். பல்லைக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தின் பின்பக்கம் விரல் வைத்தால் இறுகும் தசைக்குக் கட்டளை தருவதும் அதுவே. உணர்வு, அசைவு இரண்டும் உண்டு, ஆகவே கலப்பு. புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, சிரி என்றால் ஏழாவது. முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று தொய்ந்து, கண்ணை மூட முடியாமல் போகும் ‘பெல்ஸ் பால்ஸி’ இந்த நரம்பின் கோளாறு. முன்வேர், பின்வேர் பற்றி எழுதிய அதே சார்லஸ் பெல்லின் பெயரில்தான் அது வழங்குகிறது. நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை ஏழாவது வழியாக வருகிறது, பின்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்பதாவது வழியாக.

காதருகே விரல்களை உரசினால் எட்டாவது. ‘ஆ’ சொல்லச் சொன்னால் உள்நாக்கு நேராக மேலே எழும்பும், அது பத்தாவதான வேகஸ். தோளைக் குலுக்கச் சொன்னால் பதினொன்று. நாக்கை நீட்டச் சொன்னால் பன்னிரண்டு. ஒரு பக்கத்துப் பன்னிரண்டாவது நரம்பு பழுதானால் நீட்டிய நாக்கு அந்தப் பழுதான பக்கமே சாயும்.

இப்போது கணக்கு தானாக வந்துவிடும். உணர்ச்சி மட்டும்: 1, 2, 8. அசைவு மட்டும்: 3, 4, 6, 11, 12. கலப்பு: 5, 7, 9, 10. மூன்று, ஐந்து, நான்கு, மொத்தம் பன்னிரண்டு.

வேகஸ் நரம்பைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மற்ற கபால நரம்புகள் தலை, கழுத்தோடு நின்றுவிட, இது மார்புக்குள் இறங்கி, இதயம், நுரையீரல் தாண்டி வயிறு, குடல் வரை போகிறது. குரல்வளைக்குப் போகும் அதன் கிளை ஒன்றைக் கேலன் ஒரு பன்றியில், கூடியிருந்தவர்கள் முன்னிலையில் வெட்டிக் காட்டினார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல் நின்றது, உயிர் போகவில்லை. குரல் மூளையின் கட்டுப்பாட்டில் நரம்பு வழியாக நடக்கிறது என்பதற்கு அது ஒரு தொடக்க காலச் சான்று.

கால்விரல் இடித்தால் ஏன் இரண்டு வலி?

நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று யோஹானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அதை அளந்து காட்டினார். தவளையின் கால் தசையோடு சேர்ந்த நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒருமுறையும் தள்ளி ஒருமுறையும் தூண்டினார். தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேர வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தை வகுத்தார். கிடைத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். சோதனையின் அடிப்படை பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்: தூரம் வகுத்தல் காலம்.

மனித உடம்பில் எல்லா இழைக்கும் ஒரே வேகமில்லை. மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். மயலின் இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு 1 மீட்டர் அளவில் நகரும். இருட்டில் கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கால்விரலிலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ 1 மீட்டர். தொட்டது தெரிவிக்கும் இழை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால் 0.02 நொடியில் போய்ச் சேரும். சுருக்கென்ற முதல் வலி மெல்லிய மயலின் இழைகளில், சற்றே பின்னால் வரும். மயலின் இல்லாத இழையில் வரும் ஆழ்ந்த வலிக்கு ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். ‘அய்யோ, இப்போது வலிக்கப் போகிறது’ என்று நினைக்க நேரம் கிடைப்பது அதனால்தான்.

புற நரம்புகளில் மயலின் உறையைச் சுற்றுவது ஷ்வான் செல்கள். மைய நரம்பு மண்டலத்தில் அந்த வேலையைச் செய்பவை ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள். 2017 நீட் தேர்வில், மயலின் உறையை உருவாக்குபவை எவை என்று கேட்டு இந்த இரண்டையும் சேர்த்த விடையைத்தான் எதிர்பார்த்தார்கள். அதே தேர்வில், நரம்புக்கடத்திகளுக்கான ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்றும் ஒரு கேள்வி. விடை, சினாப்ஸின் பின்பக்கச் சவ்வு. ‘எங்கே போய்ச் சேருகிறது?’ என்று கேட்டுப் பழகியவருக்கு இரண்டாவது கேள்வி தண்ணீர் பட்ட பாடு.

பலர் தவறவிடும் வரி இன்னொன்று. மயலின் இல்லாத இழைகளையும் ஷ்வான் செல்கள் சூழ்ந்திருக்கும், ஆனால் உறையாகச் சுற்றிக்கொள்வதில்லை. மயலின் இல்லை என்றால் ஷ்வான் செல்லும் இல்லை என்று எழுதியிருக்கும் கூற்று தவறு.

ஒரு பக்கம் என்று யார் சொன்னது?

என்சிஇஆர்டி நூலில் புற நரம்பு மண்டலம் என்ற தலைப்பின் கீழ்தான் ஒரு பக்கம் இல்லை. மற்றப் பாடங்களில் அது பரவிக் கிடக்கிறது. ரத்த ஓட்டப் பாடத்தில், பரிவு நரம்பு இதயத் துடிப்பின் வேகத்தையும் வென்ட்ரிக்கிள் சுருங்கும் வலிமையையும் கூட்டும், எதிர்ப்பரிவு துடிப்பைக் குறைக்கும் என்று வருகிறது. கழிவு நீக்கப் பாடத்தில், சிறுநீர்ப்பை நிறைந்ததும் அதன் சுவரிலுள்ள நீட்சி ஏற்பிகள் மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. மையத்தின் கட்டளை பையின் மென்தசையைச் சுருக்கி, சிறுநீர்வழியின் சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. அசைவும் இடப்பெயர்வும் பாடத்தில், இயக்கு நரம்பு தசையைத் தொடும் சந்திப்பில் அசிட்டைல்கோலின் வெளியாகிறது. அந்தச் சந்திப்பைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான மயஸ்தீனியா கிரேவிஸும் அதே பாடத்தில்தான். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் அட்ரினல் மெடுல்லா வருகிறது. உணர்ச்சி வழி, கட்டளை வழி என்று இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் திருப்பிப் பார்த்ததாகிவிடும்.

தேர்வு நாள் காலையில் தானியங்கு பிரிவை விளக்கத் தனி உதாரணம் தேவையில்லை. தேர்வு மையத்தின் வாசலில் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, காலையில் சாப்பிட்ட இட்லி வயிற்றிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. அத்தனையும் பரிவு நரம்புகளின் வேலை. அவை தண்டுவடத்தின் மார்பு, மேல் இடுப்புப் பகுதிகளிலிருந்து கிளம்புகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளோ 3, 7, 9, 10 ஆகிய கபால நரம்புகளோடும், திருவெலும்புப் பகுதி நரம்புகளோடும் சேர்ந்து வருகின்றன. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகஸின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணியும். வினாத்தாள் கைக்கு வரும் முன் சில நிமிடம் அப்படி மூச்சுவிடுவது எந்த மாணவருக்கும் கைகொடுக்கும்.

வேகஸ் எப்படி இதயத்தை அடக்குகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி 1921இல் நிறுவினார். சோதனைக்கான யோசனை இரவில் கனவில் வந்ததாகவும், எழுதிவைத்த துண்டுச்சீட்டைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும், அடுத்த இரவு மறுபடி அதே யோசனை வந்ததும் நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்துக்கு ஊற்றினார். அதுவும் தளர்ந்தது. ஆக, நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் வெளியாகியிருக்க வேண்டும். அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் உறுதியானது. லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சினாப்ஸ் படத்தில் நாம் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்துவிட்டு நகரும் நுண்பைகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வேலூரில் எழுதப்பட்ட அத்தியாயம்

புற நரம்பு மண்டலத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பங்கு உண்டு. பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், மிஷனரிப் பெற்றோரின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். மடங்கி இறுகிய விரல்கள், மழுங்கிய கைகள், ஆறாத பாதப் புண்கள். தொழுநோய் வந்தால் சதை அழுகித் தானாக உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது.

பிராண்டும் அவருடைய குழுவினரும் அந்தக் கைகளைப் பொறுமையாகக் கவனித்தார்கள். அடிபடாமல் பாதுகாத்தால் புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின. ஒருமுறை துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சர்வசாதாரணமாகத் திருப்பித் திறந்துவிட்டான். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்படி வெட்டியிருந்தது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவில் தூங்கும் நோயாளிகளின் விரல்களை எலிகள் கடிப்பதைக் கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்ததையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். விரல்கள் போனதற்குக் காரணம் வலி தெரியாததுதான்.

தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது. உடம்பின் குளிர்ச்சியான இடங்களில் நன்றாகப் பெருகுகிறது. அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் முதலில் அடிபடுகின்றன. முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஓடும் அல்நார் நரம்பு அவற்றில் முக்கியமானது. மேசையில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். அது பழுதானால் சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் உணர்வு போகும். உள்ளே போகும் வழி அடைபட்டதால் வருவது அது. கூடவே, உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம்போல் வளையும். வெளியே வரும் வழியும் அடைபட்டதால் வருவது இது. ஒரே நரம்பு, இரண்டு திசையிலும் சேதம். இரண்டு கேள்விகளையும் இதைவிடத் தெளிவாக விளக்கும் நோய் இல்லை.

பிராண்டின் தீர்வும் அந்தக் கேள்விகளிலிருந்தே பிறந்தது. முன்கையில் வேறு நரம்பின் கட்டளையில் இயங்கும் தசைகள் நன்றாகவே இருந்தன. அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து, விரல்களுக்குத் திருப்பிப் பொருத்தினார். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகு, மூடிக் கிடந்த கைகள் திறந்தன. வேலூரில் நவஜீவன் நிலையம் தொடங்கியது, அங்கே அந்தக் கைகள் தச்சு வேலை கற்றன. 1955இல் காரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்துக்கொள்ளும் முறையிலும் இதே பாடம் இருக்கிறது. அங்கேயும் நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை, முதலில் கெடுகின்றன. வலி தெரியாத பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது.

எப்படிப் படிப்பது?

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வரிசை. என்சிஇஆர்டி வரிகளை ஒரு சொல் விடாமல் முதலில் படியுங்கள். அடுத்து, இதயம், கழிவு நீக்கம், தசை, நாளமில்லாச் சுரப்பிப் பாடங்களில் நரம்பு வரும் வரிகளைத் தேடி ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அம்புக்குறி போட்டுத் திசையையும் சேருமிடத்தையும் குறியுங்கள். பிறகு முந்தைய ஆண்டு வினாக்களைப் போட்டுப் பாருங்கள். அனிச்சைச் செயல், கண், காது ஆகியவை என்சிஇஆர்டியின் இப்போதைய பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் அனிச்சைச் செயலின் வழியை ஒருமுறை வரைந்து பாருங்கள். உள்ளே போவது, திரும்புவது, வெளியே வருவது மூன்றையும் அதைப் போல எளிதாகக் காட்டும் படம் வேறில்லை.

தமிழில் தேர்வு எழுதுபவர்களுக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. எனவே பரிவு, சிம்பதெட்டிக் என்று இரண்டு பெயரையும் தாளின் இரு ஓரத்திலும் எழுதிப் பழகுங்கள். சிரமம் கொஞ்சம்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு பீரியட் கூடுதலாகக் கொடுங்கள். டார்ச், பஞ்சு, காபித் தூள், இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவை ஒன்று, இவ்வளவுதான் செலவு. மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பன்னிரண்டு நரம்புகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் சிலர் அடுத்த சில ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரி வார்டில் உண்மையான நோயாளியின் முன்னால் நின்று இதே சோதனையைச் செய்யப் போகிறவர்கள். அதற்கான முதல் பயிற்சி பள்ளி வகுப்பறையிலேயே தொடங்கட்டும்.